முன்னிற்பதும் மெய்யானதும்

அஸர் தொழுகைக்குப் பின் நான் நடத்திவரும் வகுப்பில் ஒருநாள், கல்வியைத் தேடிச் சீனம் வரையிலும் செல்லவேண்டும் என்ற பொருளில் நம் மேடைகளில் வழங்கிவரும் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. அது பெருமானார் (ஸல்) அவர்களின் திருவாக்கென்று நிறுவப்படவில்லை என்றும், ஹதீஸ்கலை வல்லார் பலர் அதனைப் பலவீனமானதென்றும், சிலர் புனைந்துரை என்றே கூறியும் ஒதுக்கியுள்ளனர் என்றும் மாணவர்களுக்கு எடுத்துரைத்தேன். பதினாறு வயது மாணவர் ஒருவர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், பக்கம் பக்கமாக இதுதான் வருகிறது. இத்தனை பேர் எழுதியிருக்கும்போது, அது சரியில்லை என்று எப்படிச் சொல்வது?” என்று பணிவோடுதான் கேட்டார். நான் விடையிறுக்க வாயெடுக்குமுன், அவர் விரல் கீழே நகர்ந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. “ஹஜ்ரத், இதில் உங்கள் பெயரும் இருக்கிறதே!”

இருக்கத்தான் செய்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் ஆற்றிய சொற்பொழிவை மலரில் அச்சிட்டிருந்தார்கள். அந்த மலரை எவரோ அன்பர் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். அதில் அந்தச் செய்தியை, எவ்வித ஐயப்பாடும் இன்றி, நபிமொழி என்றே முழங்கியிருக்கிறேன். மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு என்னிடமிருந்து கழன்றுபோயிற்று.

அந்த மாணவரின் வினா எளிய வினா அன்று. ஒரு செய்தியைப் பலர் சுட்டுகின்றனர் என்பது அது மெய் என்பதற்குச் சான்றாகுமா? தேடுபொறி முதலில் கொண்டுவந்து நிறுத்துவதை நம்பி ஒருவன் பேசிவிட்டால், அவன் பொறுப்பேற்க வேண்டியவனா, மன்னிக்கப்பட வேண்டியவனா? இதற்கு விடை காணவேண்டுமாயின், அந்தப் பொறி என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்தாகவேண்டும். நம்மில் பெரும்பாலோர் அதனை அறியாமலேயே நாள்தோறும் அதனிடம் ஃபத்வா கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் பொறி உலகமெங்கும் ஓடிச் சென்று தேடி வருகிறது என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அப்படியன்று. தேடும் வேலை நாம் கேட்பதற்கு வெகு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. சிலந்தி என்று செல்லமாக அழைக்கப்படும் கணிப்பொறி நிரல்கள், தமக்குத் தெரிந்த சில பக்கங்களிலிருந்து புறப்பட்டு, அப்பக்கங்களில் உள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்த பக்கத்துக்கும் ஓயாது சென்றவண்ணம் இருக்கின்றன. ‘இங்கே நுழையாதீர்’ என்று வாசலில் குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் 1994ஆம் ஆண்டில் ஏற்பட்டது. நல்லொழுக்கமுள்ள சிலந்திகள் அதனை மதித்து விலகிச் செல்லும். சென்ற இடங்களில் கண்டவற்றையெல்லாம் கொணர்ந்து ஒரு மாபெரும் அட்டவணையாக அடுக்கிவிடுகின்றனர். நாம் வினவும்போது புரட்டப்படுவது அந்த அட்டவணையேயன்றி உலகம் அன்று. சிலந்தி செல்லாத பக்கம், அந்தப் பொறியைப் பொறுத்தவரை இல்லாத பக்கமே.

அட்டவணை என்றதும், மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு கிதாபு நினைவுக்கு வரும். எகிப்து நாட்டு அறிஞர் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீ அவர்கள் தொகுத்து 1945இல் கெய்ரோவில் வெளிவந்த ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’ என்னும் திருக்குர்ஆன் சொல்லடைவே அது. ஜெர்மானியர் ஃப்ளூகல் 1842இல் லைப்ஸிக்கில் வெளியிட்ட அடைவை அடிப்படையாகக் கொண்டு, அதனைத் திருத்தி விரித்து அவர் இதனை ஆக்கினார். ஒரு சொல்லின் வேரை எடுத்துக்கொண்டால், அவ்வேரிலிருந்து பிறந்த சொற்கள் எந்தெந்த அத்தியாயத்தில், எந்தெந்த வசனத்தில் வருகின்றன என்று வரிசையாகக் காணலாம். நூலில் வசனத்திலிருந்து சொல்லுக்குச் செல்கிறோம். அடைவில் சொல்லிலிருந்து வசனத்துக்குச் செல்கிறோம். தேடுபொறியின் அட்டவணையும் இதே தலைகீழ் அடைவுதான். வேர்ச்சொல் தொல்லையும் அதற்கு உண்டு. ‘மரத்தில்’, ‘மரங்களை’ என்பனவெல்லாம் ‘மரம்’ என்பதன் கிளைகளே என்று அதற்குக் கற்பித்தாக வேண்டும். அரபியும் தமிழும் இவ்வகையில் அதற்கு எளிய மாணவர்கள் அல்லர்!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதில்தான் நம் வினாவின் முடிச்சு இருக்கிறது. அப்துல் பாகீயின் அடைவில் எல்லா வசனங்களும் ஒரே தரத்தன. எதை முன்னே வைப்பது என்ற கேள்வியே அங்கு எழாது. திருமறையின் வரிசையே வரிசை. இணையத்திலோ ஒரு சொல்லுக்கு லட்சக்கணக்கான பக்கங்கள் கிடைக்கின்றன. மனிதன் பார்ப்பதோ முதல் ஐந்தாறு மட்டுமே. ஆகவே எதை முன்னிறுத்துவது என்று எவரேனும் முடிவு செய்தே தீரவேண்டும்.

தொடக்க காலத்தில் யாஹூ நிறுவனத்தார் மனிதர்களைக் கொண்டே பக்கங்களைப் படித்துத் துறைவாரியாகப் பிரித்து வைத்தனர். 1994இல் தோன்றிய அந்தப் பட்டியல் 2014ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது; பெருகிவரும் பக்கங்களை மனிதக் கண்களால் எட்டிப் பிடிக்க இயலவில்லை. வேறு சில பொறிகள் கேட்ட சொல் எந்தப் பக்கத்தில் மிகுதியாக வருகிறது என்று எண்ணிப் பார்த்தன. உடனே வணிகர்கள் ஒரே சொல்லை நூறு முறை எழுதி முன்னுக்கு வந்துவிட்டனர். சந்தையில் உரக்கக் கூவுபவனே நல்ல சரக்கு உடையவன் என்று கொண்டதற்கு ஒப்பாயிற்று அது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், லாரி பேஜ், செர்கே பிரின் என்போர், 1998இல் ஒரு புதிய வழியை முன்வைத்தனர். அவ்வாண்டே கூகிள் நிறுவனமும் பிறந்தது. ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைக் கேளாதீர். பிறர் அதனைப் பற்றி என்ன சொல்கின்றனர் என்று கேளுங்கள் என்பது அவர்கள் கருத்து. ஒரு பக்கம் மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுப்பதை அவர்கள் ஒரு சாட்சியமாகக் கொண்டனர். அதுவும் எல்லாச் சாட்சிகளும் சமம் அல்லர். நிறைமிக்க பக்கம் சுட்டினால் சுட்டப்பட்டதற்கு நிறை மிகுதி. அந்த நிறையும் பங்கிடப்படும்: நூறு நிறையுள்ள பக்கம் நான்கு பக்கங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து, ஐம்பது பக்கங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டே. கணக்கில் ஒரு சிறு கழிவும் உண்டு, அதனை விட்டுவிடுவோம். எல்லோருக்கும் நற்சான்றிதழ் எழுதிக் கொடுப்பவரின் சான்றிதழ் மெலிந்து போகிறது. எவ்வளவு நுட்பமான எண்ணம்!

சுட்டுபவரின் நிறையை நிர்ணயிப்பது யார் என்று கேட்கலாம். அவரைச் சுட்டுபவர்கள். அவர்களுடைய நிறையை? அவர்களைச் சுட்டுபவர்கள். தர்க்கவியலில் இதனைத் ‘தவ்ர்’ என்போம். ஒன்றை நிறுவ மற்றொன்று, அதனை நிறுவ முதலாவது என்று சுழலும் வாதம் செல்லாது என்று ஓதியிருக்கிறோம். கணிதமோ இதற்கொரு வழி வைத்திருக்கிறது. முதலில் எல்லாப் பக்கங்களுக்கும் சம நிறை கொடுத்துக் கணக்கிட வேண்டும். வந்த விடையை வைத்து மீண்டும் கணக்கிட வேண்டும். இப்படிப் பன்முறை செய்தால் எண்கள் அலைவதை நிறுத்தி ஓரிடத்தில் அமைந்துவிடும். சுழல் வாதம் செல்லாது என்று சாதித்த என் உஸ்தாது இதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, நானறியேன்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் உணர்வு மகிழ்ச்சி. சாட்சியை எண்ணாதே, நிறுத்துப்பார் என்பது நம் முன்னோர் நடந்த பாதையன்றோ! ஆயினும் சற்றே நின்று நோக்கினால் இரண்டும் பிரியும் இடம் தெரிகிறது.

இமாம் புகாரி (ரஹ்) போன்ற மேதைகள் ஓர் அறிவிப்பாளரைக் கண்டால் இரண்டு கேள்விகளைக் கேட்டனர். இவர் நேர்மையானவரா? இவருடைய நினைவாற்றலும் எழுத்தும் பிசகாதவையா? அதன்பின், இவர் யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை மெய்யாகவே சந்தித்தாரா என்று ஆண்டுகளையும் பயணங்களையும் ஒப்பிட்டனர். இடையில் ஒருவரை மறைத்துவிட்டு மேலே உள்ளவரிடமிருந்தே கேட்டதுபோல் மயங்கச் சொல்வதற்குத் ‘தத்லீஸ்’ என்று பெயரிட்டு, அதற்கென்றே பட்டியல்களும் வகுத்தனர். அவர்கள் நிறுத்தது மனிதனை. பொறி நிறுப்பது அவனைச் சுட்டும் விரல்களை. புகழ்பெற்ற பொய்யனும் புகழ்பெற்ற மெய்யனும் அதன் தராசில் ஒரே தட்டில் ஏறி நிற்கலாம்.

எண்ணிக்கைக்கு நம் கலையில் இடமே இல்லையா என்றால், உண்டு. ‘முத்தவாதிர்’ என்னும் வகையில் அறிவிப்பாளரின் பெருக்கமே உறுதி தருகிறது. ஆனால் அதற்கொரு நிபந்தனை விதித்தனர்: அத்தனை பேரும் கூடிப் பேசி ஒரு பொய்யில் உடன்படுவது வழக்கத்தில் இயலாததாக இருக்கவேண்டும். இந்த நிபந்தனை எவ்வளவு முன்யோசனையுடையது என்பதை 2003ஆம் ஆண்டு உலகம் கண்டது. அமெரிக்காவில் சிலர் தமக்குள் பேசிக்கொண்டு, படுதோல்வி என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின்மீது இணைப்பு வைத்து, எல்லாவற்றையும் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தை நோக்கித் திருப்பிவிட்டனர். அச்சொற்களைத் தேடியவருக்கு அந்தப் பக்கமே முதலில் வந்து நின்றது. அந்தப் பக்கத்தில் அச்சொற்கள் எழுதப்படவேயில்லை! அவர் ஆட்சியைப் பற்றி எவருக்கு என்ன அபிப்பிராயம் இருப்பினும், பொறி சொன்னது ஒரு தீர்ப்பன்று; சிலர் கூடிப் பேசியதன் எதிரொலி. 2007 ஜனவரியில் அந்நிறுவனம் தன் கணக்கு முறையை மாற்றி இத்தகைய விளையாட்டுகளை அடக்கிற்று. விலைக்கு இணைப்பு வாங்குபவர்களைத் தண்டிக்க 2012இல் மேலும் கடுமையான மாற்றம் செய்தனர். இன்று இணைப்பின் நிறை அவர்கள் நோக்கும் பல அடையாளங்களுள் ஒன்றே. ஏமாற்றுபவரும் காவலரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருக்கும் இந்த ஓட்டம் இன்னும் முடியவில்லை. முடியுமென்றும் எனக்குத் தோன்றவில்லை.

பணத்தின் கதையையும் தொட்டுச் செல்ல வேண்டும். விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரம் தருவோரின் பக்கம் சாயும் என்று, 1998இல் எழுதிய கட்டுரையில் அந்த மாணவர் இருவருமே எச்சரித்திருந்தனர். இரண்டே ஆண்டுகளில், 2000இல், அவர்களுடைய நிறுவனமே விளம்பரங்களை விற்கலாயிற்று. கருவிகளில் தங்கள் பொறியே முதலில் அமைந்திருக்கவேண்டும் என்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் பிறருக்கு 2,630 கோடி டாலர் கொடுத்ததாக வழக்கில் வெளிவந்தது. தேடல் துறையில் அந்நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. முதலிடம் எவ்வளவு விலையுள்ளது என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி, சீனம் பற்றிய அந்தச் செய்திக்குத் திரும்புவோம். இமாம் பைஹகீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 458) அதனைப் பற்றிக் கூறிய முடிவின் சாரம் இது: அதன் வாசகம் புகழ்பெற்றது; அதன் அறிவிப்பாளர் தொடரோ பலவீனமானது. இப்னு ஹிப்பான் (ரஹ்) அதற்கு அடிப்படையே இல்லையென்றார். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அதனைப் புனைந்துரைகளின் தொகுப்பில் சேர்த்துவிட்டார். கல்வி தேடுவது கடமை என்று அதனோடு ஒட்டிவரும் செய்தி வேறு. அதற்குத் தனி வழிகள் உண்டு, அதனை ஏற்றுக்கொண்ட ஆலிம்களும் உளர். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

புகழும் மெய்யும் வேறு வேறு என்பதைப் பைஹகீ (ரஹ்) ஒரே மூச்சில் பிரித்துக் காட்டியதை எண்ணி எண்ணி வியக்கிறேன். பின்னாளில், ‘நாவுகளில் புகழ்பெற்றவை’ என்று ஓர் இனத்தையே வகுத்து, மக்கள் பேச்சில் நபிமொழியென நடமாடும் செய்திகளையெல்லாம் ஒன்று திரட்டி, ஒவ்வொன்றின் வேரையும் ஆராய்ந்து ‘அல்மகாஸிதுல் ஹஸனா’ என்னும் நூலைத் தந்தார் இமாம் ஸகாவீ (ரஹ்). அவர் மறைந்தது ஹிஜ்ரி 902, அதாவது கி.பி. 1497இல். பொறி எந்த இடத்தில் தன் வேலையை முடித்துவிடுகிறதோ, அந்த இடத்தில்தான் அவருடைய வேலை தொடங்கிற்று. புகழ்பெற்றவற்றின் வரிசை அவருக்கு விசாரணைப் பட்டியல். நமக்கோ அதுவே தீர்ப்பாகிவிட்டது.

இதில் பொறியின்மீது மட்டும் பழியைச் சுமத்துவது நேர்மையாகாது. மக்கள் எதைச் சுட்டுகிறார்கள் என்பதையே அது பெரும்பாலும் கூறுகிறது. அதனை மெய்யென்று வாசிப்பவர்கள் நாம். ஆயினும் அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. 2024ஆம் ஆண்டு முதல், பக்கங்களின் வரிசைக்கு மேலே பொறி தானே ஒரு விடையையும் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறது. அவ்வாண்டு மே மாதம், பீட்ஸா என்னும் பண்டத்தில் பாலாடைக் கட்டி நிலைத்து நிற்கச் சிறிது பசை சேர்க்கலாம் என்று அது அறிவுரை கூறிற்று. பல்லாண்டுகளுக்கு முன் எவரோ விளையாட்டாக எழுதிவைத்ததை வினையாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது. வரிசையாகப் பக்கங்கள் இருந்தவரை, சொன்னவர் யார் என்று பார்க்கவேனும் வழியிருந்தது. பலர் சொன்னதைக் கலந்து ஒரே குரலில் பேசும்போது சொன்னவர் பின்னே மறைந்துவிடுகிறார். கீழே சில இணைப்புகள் இருக்கின்றன என்பது மெய்யே. அவற்றைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? ஆராயாது கண்டதையெல்லாம் சேர்ப்பவனை இரவில் விறகு பொறுக்குபவன் என்று அரபியர் சொல்வார்கள். சுள்ளியென்று கட்டில் வைத்துக் கட்டியது பாம்பாகவும் இருக்கலாம்.

அப்படியாயின் பொறுப்பு யாருக்கு? என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தேடிப் பார்த்து நம்பிய அந்தப் பதினாறு வயது மாணவர்மீது குற்றம் காண என்னால் இயலவில்லை. அவர் கேட்கவாவது செய்தார். நிறைமிக்கவர் சுட்டினால் நிறை மிகுதி என்பது பொறியின் விதி மட்டுமன்று. ஊரின் விதியும் அதுதான். தலைப்பாகை கட்டியவர், கிதாபு ஓதியவர் சொன்னார் என்றால் மக்கள் கேள்வியின்றி ஏற்பார்கள். எனவே அவர் இடறினால் அந்த இடறலும் அதே நிறையோடு பரவும். ஆண்டு விழா மேடையில் அன்று எனக்குக் கால் மணி நேரமே கொடுத்தார்கள். கைதட்டல் வாங்கும் சொல்லொன்று தேவைப்பட்டது. நாவில் இருந்ததை எடுத்து வீசினேன். இமாம் பைஹகீயின் கூற்று எனக்கு அன்று தெரியாததன்று. பல ஆண்டுகளுக்கு முன்னரே ஓதியிருந்தேன். அறியாமல் சொன்னேன் என்று கூறித் தப்பிக்க எனக்கு வழியில்லை. இதுவே என்னை உறுத்துகிறது.

மலரை ஏற்றி வைத்தவரின் முகவரியைத் தேடி, அவ்விடத்தில் ஒரு திருத்தக் குறிப்பைச் சேர்க்குமாறு கடிதம் எழுதினேன். மறுமொழி வரவில்லை. பிறகு மாணவர்களின் உதவியோடு நானே ஒரு பக்கம் எழுதினேன்: இன்ன மேடையில் இவ்வாறு கூறினேன், அது தவறு, ஹதீஸ்கலை வல்லாரின் முடிவு இது என்று. அதனையும் இணையத்தில் ஏற்றினோம். ஒரு வாரம் கழித்துத் தேடினால், பழைய சொற்பொழிவு அதே இடத்தில் அமர்ந்திருக்கிறது, திருத்தத்தைக் காணோம். அதனைச் சுட்ட எவரும் இல்லை.

அப்போது அதே மாணவர் ஒரு யோசனை சொன்னார். “நம் மத்ரஸாவில் நாற்பது பேர் இருக்கிறோம், ஹஜ்ரத். ஆளுக்கு ஐந்தாறு பக்கம் தொடங்கி, எல்லாவற்றிலிருந்தும் இதற்கு இணைப்புக் கொடுத்துவிட்டால் மேலே வந்துவிடும். மெய்க்காகத்தானே செய்கிறோம்?”

என் மனம் ஒரு கணம் இசைந்துவிட்டது என்பதை மறைக்கமாட்டேன். உடனே மர்வு நகரத்து நூஹ் இப்னு அபீ மர்யம் நினைவுக்கு வந்தார். குர்ஆன் அத்தியாயங்களின் சிறப்புகள் பற்றி அவர் பொய்யான அறிவிப்புகளைப் புனைந்தாரென்றும், மக்கள் திருமறையை மறந்து வேறு நூல்களில் மூழ்கியிருப்பதைக் கண்டே அவ்வாறு செய்ததாகக் காரணம் கூறினாரென்றும் ஹதீஸ்கலை நூல்கள் குறிக்கின்றன. அவருடைய நோக்கத்தில் எவரும் குறை சொல்லவில்லை. அவருடைய அறிவிப்பை எவரும் ஏற்கவும் இல்லை. நாங்கள் புனையப்போவது செய்தியையன்று, சாட்சிகளைத்தான் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அந்த வாதம் நெடுநேரம் நிற்கவில்லை.

“தம்பி, படித்துப் பார்த்து, மூல நூல்களோடு ஒப்பிட்டு, சரிதான் என்று மனம் ஒப்பியவர் தம் பெயரில் ஒருமுறை சுட்டட்டும். படிக்காதவர் சுட்ட வேண்டாம்” என்றேன். முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டார். பைஹகீயையும் ஸகாவீயையும் மேசைமேல் எடுத்து வைத்தேன். மூன்று வாரங்களில் பதினொருவர் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தனர். அவர்களுள் ஒருவர், நான் எழுதிய பக்கத்தில் ஓர் ஆண்டு பிழையாக இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தியும் கொடுத்தார். பதினொரு இணைப்புகள் சேர்ந்தன. இதனை எழுதும் இன்று காலையிலும் தேடச் சொல்லிப் பார்த்தேன். சொற்பொழிவு முதல் பக்கத்திலும், திருத்தம் நான்காம் பக்கத்தின் அடியிலும் இருக்கின்றன.